தங்கூசித் தந்தி

முதலில் கேட்டது சத்தம்தான். எவர்சில்வர் டம்ளர் ஒன்று தரையில் விழுந்து, எகிறி, மறுபடி விழுந்து, வட்டம் போட்டு உருண்டு, எதிலோ முட்டி நின்றது. கண்ணுக்கு மேல் ஈரத்துண்டைப் போட்டுப் படுத்திருந்த எனக்கு அது உருண்ட பாதை முழுக்கத் தெரிந்தது. அடுப்பு மேடையிலிருந்து விழுந்திருக்கிறது, பிரிட்ஜ் காலில் முட்டியிருக்கிறது, காலி டம்ளர், தண்ணீர் இருந்திருந்தால் இத்தனை வாயாடியிருக்காது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். விழுந்ததற்காக இல்லை, விழுந்த பிறகு அவள் என்ன செய்கிறாள் என்று கேட்பதற்காக. ஒன்றும் செய்யவில்லை. கையில் இருந்த பொருள் இப்போது கையில் இல்லை என்பது கைக்குத் தெரியாமல், காது சொல்லி, கண் போய்த் தரையைத் தேடுவதற்கு ஆகிற நேரம் ஒன்று இருக்கிறதே, அந்த நேரம் அடுக்களையில் அப்படியே நின்றது. பிறகு குனிகிற மூச்சு. "ஒண்ணுமில்ல, நீங்க தூங்குங்க" என்றாள் எமரன்சியா, நான் விழித்திருப்பது தெரிந்த குரலில். பகலில் தூங்குகிறவனிடம் தூங்குங்க என்று சொல்வதைப் போலத் தூக்கத்தைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை. ஐஸ் பிளாண்டில் இரவு ஆபரேட்டராகச் சேர்ந்த நாளிலிருந்து பகல் தூக்கம் எனக்கு இரவல் சட்டை மாதிரி, தோளில் ஏறும், பொத்தான் சேராது. பழைய இரும்பு கேட்டுப் போகிறவன், துறைமுகத்துக்குத் திரும்புகிற லாரி, எதிர்வீட்டுக் குழந்தையின் வாய்ப்பாடு, எல்லாம் துண்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். ஆனால் இந்தத் தவக்காலத்திலிருந்து நான் வேறு சத்தங்களுக்குத்தான் காது வைத்துக் கிடக்கிறேன். மூடி விழுகிறது, கரண்டி விழுகிறது, சீப்புகூட விழுகிறது. வலது கை பிடித்தது நிற்கிறது, இடது கை பிடித்தது விழுகிறது. சர்க்கரை என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார், பாதத்தைத் தினமும் பாருங்கள் என்றார், விரல் திரும்புமா என்று கேட்டதற்குப் பார்ப்போம் என்றார். பார்ப்போம். யார் பார்ப்பது, எதை வைத்துப் பார்ப்பது. சாம்பல் புதனன்று அவளுடைய இடது மோதிர விரல் தோசைக்கல்லில் பட்டபடி இருந்திருக்கிறது, வாசனை வந்த பிறகுதான் என்னமோ தீயுதே என்று தோசையைப் புரட்டிப் பார்த்தாள். தோசை வெள்ளையாகத்தான் இருந்தது.

துண்டை எடுத்துவிட்டு எழுந்தேன். ஜன்னலோரத்துத் தையல் மிஷினை உள்ளே மடக்கி, மேசையில் பழைய லுங்கியை விரித்து, லுங்கிமேல் யுகுலேலேயை மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறேன். தந்தி இல்லை, தலையில் அதை முடுக்குகிற கீ இல்லை, நாலு ஓட்டைகள் மட்டும். கப்பல் சமையல்கட்டில் வேலை பார்க்கிற எங்கள் மகன் காட்வின் போன லீவில் ஏதோ துறைமுகத்திலிருந்து கொண்டு வந்தது. எமரன்சியாவுக்கு அது பொம்மைக் கிதார். கல்யாணத்துக்கு முன்னால் கோயில் பாடற்குழுவில் மாண்டலின் வாசித்தவள் அவள், எட்டுக் கம்பியப் பாத்தவளுக்கு நாலு கம்பி எம்மாத்திரம் என்று அன்றைக்கே மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு வாரத்துக்குள் அது அவள் சொன்னபடி கேட்டது. நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின அரை மணி நேரம்தான் எங்கள் வீட்டில் இரண்டு பேரும் முழுசாக விழித்திருக்கிற நேரம். நான் அப்போதுதான் எழுந்தவன், அவள் இன்னும் படுக்கப் போகாதவள், நடுவில் ஒரு தேநீர். அந்த அரை மணியில் அவள் வாசிப்பாள். ஏதாவது திருப்பலிப் பாட்டில் ஆரம்பிக்கும், பாதியில் பாட்டை விட்டுவிட்டு விரல் தன் போக்கில் எங்கேயோ போகும், போய்த் திரும்பி வரும். நான் சைக்கிள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேசவேண்டியது இருந்தாலும் பேசமாட்டோம். பேசவேண்டியதெல்லாம் அதற்குள் வந்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவளும் அப்படி நினைத்தாளா என்று கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். தவக்காலத்துக்குப் பிறகு ஒரு சாயந்தரம், தொடங்கின இடத்திலேயே நிறுத்திவிட்டு, அதைக் காலண்டர் ஆணியில் மாட்டினாள். "காத்த அமுக்குத மாதிரி இருக்கு" என்றாள். "எந்த விரலு எங்க நிக்கின்னே தெரியல. பாத்துப் பாத்து வாசிச்சா அது வாசிப்பா, டைப் அடிக்கதுல்லா." அவ்வளவுதான், அழுகை கிழுகை ஒன்றுமில்லை, தேநீர் ஆறிப்போச்சு குடிங்க என்றாள். அன்றிலிருந்து அந்த அரை மணியில் டிவி ஓடுகிறது. அதில் யாரோ யாரையோ எப்போதும் மன்னிக்க மறுக்கிறார்கள். நாங்கள் பார்க்கிறோம்.

பிளாண்டில் கேன் தூக்குகிற லோடுமேன்களின் கையைப் பார்த்துத்தான் எனக்கு இந்த எண்ணம் வந்தது. உப்புத்தண்ணித் தொட்டி ஓரத்தில் நின்று நின்று விரல் மரத்துவிடும் அவர்களுக்கு. பீடிக்கட்டின் நூலை அவிழ்க்க வராது, பல்லால் கடிப்பார்கள். ஆனால் தலைக்கு மேல் தொங்குகிற கொக்கிக் கயிற்றை நிமிர்ந்து பார்க்காமலே எட்டிப் பிடிப்பார்கள். நூல் தெரியாது, கயிறு தெரியும். இதை எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன், பார்த்தது பார்த்த இடத்திலேயே கிடந்தது, போன மாதம் ஒரு நாள் அழுத்தமானியின் முன்னால் நிற்கும்போது சட்டென்று எழுந்து வந்து நின்றது. தந்தி தடியாக இருந்தால். அவ்வளவுதான் எண்ணம். அதற்குப் பிறகு அது என்னை விடவில்லை, சைக்கிளில் வந்தது, படுக்கையில் வந்தது, சாப்பிடும்போது வாய்க்கும் கைக்கும் நடுவில் வந்து நின்றது. இதில் ஒரு தப்பு இருக்கிறது, எனக்குத் தெரியும். லோடுமேன் கை மரப்பது வெளியே இருந்து வருகிற குளிரால், வெயிலில் காட்டினால் திரும்பிவிடும், அவளுக்கு உள்ளே இருந்து வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. ஒன்றல்ல என்று தெரிந்த பிறகும் எண்ணம் போகவில்லை. அவளிடம் சொல்லவில்லை. கீ லூசா இருக்கு, சரி பண்ணுதேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆணியிலிருந்து எடுத்தேன், அவளும் பண்ணுங்க பண்ணுங்க என்று கையை ஆட்டினாள், நான் தூக்கம் வராமல் எதையாவது கழற்றிப் போடுவது அவளுக்குப் பழக்கம், இதே மேசையில் மிக்சி, மின்விசிறி, சுவர்க்கடிகாரம் எல்லாம் உடல் பிரிந்து கிடந்திருக்கின்றன. சொல்லிவிட்டுச் செய்தால் இது பரீட்சை ஆகிவிடும். தடித் தந்தியும் தெரியவில்லை என்றால் அப்புறம் சொல்வதற்கு என்ன இருக்கிறது. இப்போது தெரியாமல் இருப்பது மெல்லிசுத் தந்தியால் என்று ஒரு சாக்காவது இருக்கிறது, அந்தச் சாக்கையும் நான் பிடுங்கிவிடுவேனோ என்று பயம். பயந்துகொண்டேதான் போய் வாங்கினேன்.

மீன்பிடித் துறைமுகத்து வாசலில் செய்யதுவின் கடை, வலை, மிதவை, தூண்டில், தங்கூசி. மீன்பிடிக்கிற நைலான் இழைக்கு எங்கள் பக்கத்தில் தங்கூசி என்றுதான் பெயர். "வாரும் ஐஸ்கார அண்ணாச்சி" என்றான் செய்யது, "பகல்ல உம்மப் பாக்க ஆந்தையப் பாத்த மாதிரில்லா இருக்கு." தடியான தங்கூசி நாலு தினுசில் வேண்டும் என்றேன். "என்ன மீனுக்கு?" "மீனுக்கில்ல, ஒரு சாமானுக்கு." "சாமான் எத்தன கிலோ வரும்?" எங்கள் ஊரில் தங்கூசியைக் கேட்பதே எடையை வைத்துத்தான், நானும் யோசிக்காமல் "அரக்கிலோ இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவன் சுருளைக் கீழே வைத்துவிட்டான். "அரக்கிலோவுக்கு இதா? இது சுறா இழுக்கதுவே. அரக்கிலோ மீன இதுல மாட்டுனா அது நாய்க்குட்டி மாதிரி உம்ம கூடவே வீட்டுக்கு நடந்து வரும்." கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் பாட்டுச் சாமான், கிதார் மாதிரி ஒன்று, என்று இழுத்தேன். "இந்த வயசுல பாட்டா? வீட்டுல அக்கா வெரட்டலியா?" "அக்காவுக்குத்தான்" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்ததோ, அதற்குப் பிறகு வாய் பேசாமல் நாலு சுருளிலிருந்தும் ஒவ்வொரு மார் நீளம் இழுத்து வெட்டி, வெட்டின முனையைத் தீக்குச்சியில் காட்டி உருண்டையாக்கிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு என் விரலில் உருட்டிப் பார்த்தேன். என் விரலுக்கு எல்லாம் தெரிந்தது. அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது, வெட்கம் என்று சொல்ல முடியாது, வெட்கத்துக்குப் பக்கத்தில் ஏதோ.

தங்கூசி கீயில் நுழையவில்லை. கீ என்பது சின்னச் சமாச்சாரம்தான், ஒரு திருகு, ஒரு பல்சக்கரம், சக்கரத்தின் நடுவில் பித்தளைத் தண்டு, தண்டின் தலையில் ஒரு துளை. தந்தியைத் துளையில் விட்டுத் திருகினால் தண்டு சுற்றும், தந்தி இறுகும். அந்தத் துளை மெல்லிசுத் தந்திக்கென்று போட்டது, சுறாத் தங்கூசியை வைத்தால் அதன் வாசலிலேயே நின்றுவிடுகிறது. துளையைப் பெரிசாக்க வேண்டும். தண்டே தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன், துளையைப் பெரிசாக்கப் பெரிசாக்க இரண்டு பக்கமும் மிஞ்சுகிற சுவர் நகம் அளவுக்கு வந்துவிடும், கீறல் விட்டால் போச்சு, காட்வின் அடுத்த லீவுக்கு எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. முதல் கீயில் துளைபோடும் பிட்டைக் கைப்பிடியில் மாட்டி, கையாலேயே மெதுவாகத் திருகினேன். இரும்பு என்றால் அடம் பிடிக்கும், அடத்துக்கு நாம் பழகிவிடலாம். பித்தளை அடம் பிடிக்காது, இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே இருக்கிற துளையில் பிட்டின் கூர் பட்டதும் கடித்து உள்ளே இழுத்து, நான் கையை நிறுத்துவதற்குள் டிக் என்று ஒரு சத்தம், பிட் உள்ளே முறிந்துவிட்டது. நேற்றுப் பகல் முழுக்க அந்தத் துண்டை ஊசியால் நோண்டிக்கொண்டிருந்தேன். நோண்ட நோண்ட அது பிட்டாகத் தெரியவில்லை, வேறொன்றாகத் தெரிந்தது. விடிந்து வேலையிலிருந்து திரும்பியதும் நான் முதலில் செய்கிற காரியம், அவள் எழுவதற்கு முன்னால் கால்மாட்டில் உட்கார்ந்து அவளுடைய உள்ளங்கால்களைப் பார்ப்பது. டாக்டர் சொன்னதுதான். அவளாகப் பார்க்கமாட்டாள், எனக்கு என்ன காலா இல்ல என்பாள். போன வாரம் இடது குதிகால் வெடிப்பில் ஒரு ஸ்டேப்ளர் பின் செருகியிருந்தது, மருந்துக்கடைப் பையிலிருந்து விழுந்ததாக இருக்கும். அதன்மேல் அவள் எத்தனை நடை நடந்தாளோ, மீன் கழுவி, துணி காயப்போட்டு, கோயிலுக்குப் போய்த் திரும்பி. மெதுவாக உருவினேன். அவள் அசையவில்லை. நல்ல தூக்கம் என்று வைத்துக்கொண்டேன். நல்ல தூக்கம்தான். பின்னைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றேன், குப்பையில் போட்டால் மறுபடி வந்துவிடும் போலிருந்தது. கடைசியில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படுத்தேன். அன்றைக்கும் தூக்கம் இல்லை.

பித்தளைக்குப் பிட்டின் கூரைக் கொஞ்சம் மழுக்க வேண்டும் என்பது நேற்றைய முறிவுக்குப் பிறகுதான் புத்திக்கு வந்தது. சாணைக்கல்லில் பிட்டின் வெட்டும் உதட்டை லேசாக உரசி, கூர் செத்த பிட்டை மாட்டித் திருகினால் கடிக்கவில்லை, சுரண்டிக்கொண்டு போயிற்று, தங்கப்பொடி மாதிரி லுங்கியில் உதிர்ந்தது. நேற்று ஒருவழியாகத் துண்டு வெளியே வந்த முதல் கீ, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. சுவர் நின்றது. தலைப்பக்கம் தந்தி உட்காருகிற வெள்ளைக் கட்டையில் இருந்த பள்ளங்களையும் ஆக்சா பிளேடால் அகலப்படுத்தினேன். ஊதினால் எங்கே உடைந்துவிடுமோ என்று ஊதாமல் துணியால் துடைத்தேன். இனி மாட்ட வேண்டியதுதான் என்று தங்கூசியை எடுக்கும்போது அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "உங்க கீ ரிப்பேரு முடிஞ்சா இந்தத் தேங்காயத் துருவித் தாரியளா?" துருவலும் வெட்டலும் இப்போது என் வேலை. நாங்கள் அதைப் பற்றிப் பேசி முடிவெடுக்கவில்லை, ஒரு நாள் அவள் துருவியில் உட்கார்ந்தபோது நான் இங்க தா என்றேன், அவள் எழுந்துகொண்டாள், அப்படியே ஆகிவிட்டது. போய் உட்கார்ந்தேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள், வலது கையால். இடது கை மேடையில் சும்மா இருந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன கை மாதிரி. "சாள வாங்கியிருக்கேன்" என்றாள். "நல்ல சாள. மீன்காரி செல்வி கெட்ட சாளயத் தலையில கெட்டப் பாத்தா, செவுளத் தூக்கிக் காட்டுன்னேன், கோவம் வந்துட்டு அவளுக்கு." "ம்" என்றேன். தேங்காய் மூடி துருவியில் சுற்றிக்கொண்டிருந்தது, எனக்குள் தண்டு சுற்றிக்கொண்டிருந்தது, அந்தத் துளையின் ஓரத்தில் பிசிர் இருக்குமே, பிசிர் இருந்தால் தங்கூசியை அறுத்துவிடுமே, அதை உரசினேனா, மூன்றாவதில் உரசினேன், நாலாவதில் உரசினேனா. பாதி மூடியில் எழுந்துவிட்டேன். "பாதித் தேங்காய விட்டுட்டு எங்க போறிய?" "இந்தா வந்திட்டேன்." "பாதித் தேங்காய்க்குப் பாதிச் சாளதான் கெடைக்கும், தலைப்பக்கம் ஒங்களுக்கு" என்றாள் என் முதுகைப் பார்த்து.

நாலாவதில் பிசிர் இருந்தது, உரசினேன். கீக்களைத் தலையில் பொருத்தித் திருகாணி முடுக்கினேன். அடிப்பக்கம் தங்கூசியைத் தூண்டில் முடிச்சாகக் கட்டி, தலைக்குக் கொண்டு போய்த் துளையில் விட்டேன். நுழைந்தது. அது நுழைந்தபோது என் உடம்பில் எங்கேயோ ஒரு முடுக்கு தளர்ந்தது, சும்மா சிரித்துக்கொண்டேன். திருகினேன். கொழகொழவென்று கிடந்த தங்கூசி நிமிர்ந்தது, தட்டினால் மரத்தில் தட்டின மாதிரி, இன்னும் திருகினேன், தும் என்றது, இன்னும் கொஞ்சம், இப்போது ஒரு குரல் வந்தது. பழைய குரல் இல்லை, சிறுசு மாதிரிக் கிணுகிணுக்கிறது இல்லை, அடித்தொண்டைக் குரல், விடியலில் எழுந்ததும் பேசுகிறவன் குரல். நாலையும் ஏற்றினேன். முதல் தந்திக்குத் திரும்பி வந்து தட்டினால் இறங்கியிருந்தது. ஏற்றினேன். இரண்டாவது இறங்கியிருந்தது, ஏற்றிவிட்டுப் பார்த்தால் முதலாவது மறுபடி. இருபது வருஷமாக நான் பார்க்கிற வேலை ஒன்றே ஒன்றுதான், ஏற்றின அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது. இறங்கினால் எங்கேயோ விடுகிறது, கசிகிறது. குழாய் இணைப்போ, வால்வின் கழுத்தோ, கந்தகக் குச்சியைக் கொளுத்திக்கொண்டு இஞ்சு இஞ்சாகப் போனால் அம்மோனியா விடுகிற இடத்தில் வெள்ளையாகப் புகையும், அங்கே முடுக்க வேண்டும். இறங்குகிறது என்றால் விடுகிறது, எனக்கு வேறு அர்த்தம் தெரியாது. துளையைப் பெரிசாக்கினோமே, தண்டு தளர்ந்துவிட்டது, சக்கரம் வழுக்குகிறது. தங்கூசியைத் தளர்த்திக் கீயைக் கழற்றினேன், பல்லைப் பார்த்தேன், பல் சரியாக இருந்தது, திருகாணியை இன்னும் இறுக்கி மாட்டினேன். ஏற்றினேன், இறங்கியது. மறுபடி கழற்றினேன். வால்வு மூடுகிற கையால் திருகாணியை முடுக்கி முடுக்கி அதன் தலை மழுங்கத் தொடங்கிவிட்டது. பாழாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். ஆணியில் சும்மா தொங்கினதையும் எடுத்துப் பாழாக்கிவிட்டேன், மெல்லிசோ தடிசோ இனி ஒன்றும் நிற்காது, அவளிடம் என்ன சொல்வது, கீ லூசு என்று சொல்லித்தானே எடுத்தேன், இப்போது நிஜமாகவே லூசு. சொன்ன பொய்யை நானே மெய்யாக்கிவிட்ட மாதிரி. மேசைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தங்கூசி ஒன்று தானாகக் கிர்ர் என்று முனகியது.

"என்ன செய்யுதிய?" எமரன்சியா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. "எறங்குது" என்றேன். "என்ன எறங்குது?" "சுருதி. ஏத்த ஏத்த எறங்குது. கீயில எங்கயோ விடுது. ஓட்டையப் பெருசாக்கினேன்லா, அதான்." "ஓட்டைய எதுக்குப் பெருசாக்குனிய?" அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள், தங்கூசியை, வெள்ளைக் கட்டையின் பள்ளத்தை, லுங்கியில் கிடந்த பித்தளைப் பொடியை. பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்ததா, புரிந்து அதை ஒதுக்கி வைத்தாளா, அவள் முகத்தில் என்னால் எப்போதுமே படிக்க முடிந்ததில்லை. நான் மறுபடி கீயைத் திருகப் போனேன். "அய்ய, கீயப் போட்டு ஏன் கொல்லுதிய" என்றாள். "புதுக் கம்பின்னா எறங்கத்தான் செய்யும். இழுத்து இழுத்து விடணும். மாண்டலினுக்குக் கம்பி மாத்துனா அந்த நாளு பூராவும் மாஸ்டர் எங்கள வாசிக்க விடமாட்டாரு, இழுங்கடின்னு உக்கார வச்சிருவாரு. இது நைலானு, இன்னும் நாலு நாளு எறங்கும். ஒங்க பிளாண்டுல எறங்குதுன்னா இங்கயும் அப்பிடித்தானா? இங்க தாங்க." நான் கொடுக்கவில்லை, அவள்தான் எடுத்துக்கொண்டாள். எப்படிக் கொடுப்பது, கொடுக்கும்போது என்ன முகத்தோடு கொடுப்பது என்று நான் பகல் பகலாக யோசித்துவைத்திருந்ததெல்லாம் அப்படியே நிற்க, அவள் நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கையால் அதன் வயிற்றை அணைத்துக்கொண்டு, இடது கை விரல்களைக் கொக்கி மாதிரி வளைத்துத் தங்கூசிக்கு அடியில் விட்டு இழுத்தாள். என்னைப் பார்த்துத் திட்டிக்கொண்டேதான். "தூங்காத மனுசன் கையில ஒரு சாமான் தங்குமா. இப்பிடிப் பிடிச்சு, மேல இருந்து கீழ வரைக்கும், இப்பிடி. நீங்க திருகாணியத் திருகிக்கிட்டுக் கெடந்தா விடிஞ்சாலும்..." ஸ்ஸ் என்றாள். கை தானாக விலகியது. விலகின பிறகுதான் விரலைப் பார்த்தாள்.

"வலிக்கி" என்றாள்.

எரிச்சலாகத்தான் சொன்னாள். நெஞ்சுக்குள் பிளாண்டின் பெரிய கம்ப்ரஸர் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு அடி, அப்புறம் சீராக ஓடியது. "எந்த விரலு?" என்று கேட்டேன், சாதாரணமாகக் கேட்கிற குரலில். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் தங்கூசியில் வைத்து அமுக்கினாள். "நடு விரலு." சற்று நேரம் கழித்து, "ஆட்காட்டி விரலும் இருக்கு, கொஞ்சம். உறை போட்டுத் தொட்ட மாதிரி." பிறகு மோதிர விரலை வைத்தாள், சுண்டு விரலை வைத்தாள். பலமாக அமுக்கியிருக்க வேண்டும், நகம் வெளுத்தது. "இது ரெண்டும் இல்ல" என்றாள். அதைச் சொன்னபோது குரல் மாறவில்லை. "ரெண்டு விரலு போதுமா?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "எதுக்குப் போதுமான்னு கேக்கிய?" நான் லுங்கியில் கிடந்த பித்தளைப் பொடியை விரலால் கூட்டினேன். "பொம்மக் கிதாருல கப்பக் கயித்தக் கெட்டி வச்சிருக்கிய" என்றாள். "மெல்லிசு போட்டுத் தந்திரட்டா? பழசு வச்சிருக்கேன்." "போடுங்கன்னு நான் சொன்னனா?" மறுபடி நடு விரலைத் தங்கூசிக்கு அடியில் விட்டாள். இழுத்தாள், முகம் சுளித்தது, விடவில்லை. தட்டிப் பார்த்தாள். "இப்பம் திருகுங்க. ஒரேயடியா இல்ல, கொஞ்சம்." நான் திருகினேன். அவள் இழுத்தாள், இறங்கியது, நான் திருகினேன். விடுகிறதில்லை இது, இளகுகிறது, இளகி இளகிக் கடைசியில் ஒரு இடத்தில் நிற்கும் என்றாள். எந்த இடத்தில் என்று அவள் சொல்லவில்லை. நடு விரல் எத்தனை நாளைக்கு என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை விரட்டாமல் அப்படியே இருக்கவிட்டேன், அதுவும் வீட்டில் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். ஜன்னல் வெயில் மேசைக்காலை விட்டு இறங்கித் தரைக்குப் போயிருந்தது. அவள் வாசிக்கவில்லை, பாட்டு ஒன்றும் இல்லை, ஒரே தந்தியைத் தட்டுவதும் இழுப்பதும்தான், அடித்தொண்டையில் தும், கொஞ்சம் கீழே தும். மூன்றாவது தந்திக்கு வந்தபோது என் கையைத் தட்டிவிட்டாள். "இனி நான் பாத்துக்கிடுவேன். சாளயக் கழுவி வச்சு எவ்வளவு நேரமாச்சு, போங்க." 

அடுக்களைக்குப் போனேன். பாதியில் விட்ட தேங்காய் மூடி துருவியின் பக்கத்தில் தட்டில் கிடந்தது, எறும்பு இரண்டு ஏறியிருந்தன. தட்டி விட்டேன். உட்கார்ந்து, மூடியைப் பல்லில் வைத்து, விட்ட இடத்திலிருந்து துருவத் தொடங்கினேன்.